பாட்டுப் புத்தகம் முதல் மஞ்சள் ஜெர்சி வரை: ரசிகர் வீட்டுப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அனுபவம்

எங்கள் வீட்டில் துணி துவைப்பது, பீரோவை ஒழுங்கு செய்வது, பரண் ஏறி இறங்குவது எல்லாம் என் பொறுப்பு. அதனால் மாமனாரின் சிவாஜி, கணவரின் கிரிக்கெட், மகளின் கொரியப் பாட்டுக் குழு எல்லாமே கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேர்கின்றன. யாருக்கும் ரசிகை என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவர்கள் உயிராக மதிக்கும் பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருவதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அதில் யார் முகம் இருக்கிறது என்பதைச் சற்று மறந்துவிட்டு, அது எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும். பருத்தியா, பாலியெஸ்டரா, செய்தித்தாள் காகிதமா, அரக்கா, பிளாஸ்டிக்கா, தோலா? ஆசை ஆசையாகச் செய்யும் பாதுகாப்புகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் பொருளையே கெடுத்துவிடுகின்றன.

வேலூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வீட்டில் எந்த இடம் சூடாகாது? அக்னி நட்சத்திரத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடியின் சூடு இரவு வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பரண் என்பது அந்தத் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற இடம். ஆகவே அருமையான பொருள்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பரணில் ஏற்றுவது, வீட்டிலேயே மோசமான இடத்துக்கு அவற்றை அனுப்புவதாகும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்புப் பீரோவும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் வீட்டில் வடக்கு அறையின் உள்சுவர் ஓரம், கட்டிலின் உயரத்தில் உள்ள மர அலமாரியின் நடுத்தட்டுகள்தான் சேகரிப்புக்கு. அடித்தட்டு காலி. மழைக்காலத்தில் தரை ஈரம் கக்கும், கரையானும் கீழிருந்துதான் ஏறும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரிப் பக்கம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று கூடுதலாகப் போட்டால் அலசும்போது போகாது. கறுப்பு டி-ஷர்ட்டில் காய்ந்த பிறகு தெரியும் சாம்பல் நிறத் திட்டுகள் பெரும்பாலும் சாயம் போனதால் வருபவை அல்ல, சோப்பும் உப்பும் சேர்ந்து படிந்தவை. படம் போட்ட துணிகளை நான் காவிரிக் குடிநீர் வரும் நாளில்தான் துவைக்கிறேன். அது முடியாதபோது கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்துவைத்து, அதில் ஒரு மூடி வெள்ளை வினிகர் விடுகிறேன். திட்டு விழுவதில்லை, வாடையும் காய்ந்ததும் போய்விடுகிறது.

துணியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவன் காட்பாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி. திருப்பூரிலிருந்து மொத்தமாக வரும் டி-ஷர்ட்டுகளில் கல்லூரி விழா, ரசிகர் மன்ற விழா, கிரிக்கெட் போட்டி என்று ஆண்டு முழுவதும் படம் போட்டுக்கொண்டிருப்பவன். “கண்ணால் பார்க்காதே அக்கா, விரலால் தடவிப் பார்” என்பான். தடவினால் ரப்பர்போல் ஒரு படலம் தெரிந்தால் அது பிளாஸ்டிசால் மை. பி.வி.சி. பிளாஸ்டிக் தூளை, அதை மென்மையாக்கும் ‘இளக்கி’ என்ற திரவத்தோடு கலந்து செய்வது, சுமார் 160 டிகிரி சூட்டில் வெந்தால்தான் துணியில் சரியாகப் பிடிக்கும். அவசரத்தில் அரைவேக்காடாக எடுத்த அச்சை இரண்டு கையாலும் மெல்ல இழுத்தாலே மயிரிழை வெடிப்புகள் தெரியும். வாங்கும்போதே இதைச் செய்து பார்க்கலாம். படத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு நகத்தில் தட்டினால் அது பசையால் ஒட்டிய அச்சு. இப்போது பட்டறைகளில் பெருகியிருக்கும் டி.டி.எஃப். முறை இதுதான்: படலத்தில் அச்சிட்டு, சூட்டில் உருகும் பசைத்தூளால் துணியில் ஒட்டுவது. எதுவுமே கையில் தட்டாமல் துணி துணியாகவே இருந்தால், அது சாயம் ஆவியாகி இழைக்குள் போன அச்சு. சப்ளிமேஷன் என்பார்கள். சுமார் 200 டிகிரியில் நடக்கும் இந்த முறை பாலியெஸ்டரில்தான் எடுபடும், பருத்தியில் நிற்காது.

என் கணவரிடம் இரண்டு மஞ்சள் ஜெர்சிகள் உண்டு. ஒன்று 2010-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் முறை கோப்பை வென்ற சமயத்தில் வாங்கியது. முதுகில் 7 என்ற எண்ணைத் தனியாகச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்று 2021-இல் தோள்பட்டையில் ராணுவ உடையின் திட்டு வடிவம் வந்தபோது வாங்கியது, எல்லாமே சாயமாக உள்ளே இறங்கியது. பின்னதை எத்தனை முறை துவைத்தாலும் உரியப்போவதில்லை. முன்னதற்குத்தான் காவல் தேவை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவது சரியாகாது.

இஸ்திரிக் கடையில் ஒரு முறை நான் நின்றுகொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வேறொருவருடைய டி-ஷர்ட், நெஞ்சில் பெரிய நடிகர் முகம். கரிப்பெட்டியை அதன்மேல் வைத்த அடுத்த நொடியில் இழுவை நின்றது. பெட்டியைத் தூக்கியபோது கன்னமும் மூக்கும் பாதி அதன் அடியில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக நீண்டு வந்தன. கடைக்காரர் தேங்காய் நாரால் பெட்டியைத் தேய்த்துச் சுத்தம் செய்தார், டி-ஷர்ட்டைச் சரிசெய்ய வழியே இல்லை. கரிப்பெட்டியில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் கிடையாது. ஆகவே படம் போட்ட துணியை நான் வெளியே இஸ்திரிக்குக் கொடுப்பதே இல்லை. வீட்டில் உட்புறத்தை வெளியே திருப்பி, மேலே பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, பாலியெஸ்டருக்கான குறைந்த சூட்டில் அழுத்தி எடுக்கிறேன். உண்மையில் துவைத்ததும் நன்றாக உதறி, தோள் சரிந்துவிடாத அகலமான ஹேங்கரில் நிழலில் போட்டால் பாதித் துணிகளுக்கு இஸ்திரியே வேண்டாம்.

துவைப்பதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. உட்புறம் வெளியே, குளிர்ந்த தண்ணீர், மென்மையான திரவ சோப்பு, குறைந்த நேரம். ஊறவைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடக் கூடாது. துவைக்கும் கல்லும் பிரஷும் இந்தத் துணிகளுக்கு ஆகவே ஆகாது. எந்திரத்தில் போட்டால் ஜீன்ஸோடு சேர்த்துப் போடாதீர்கள், அதன் ஜிப்பும் பித்தளைப் பொத்தானும் அச்சை உரசியே கொல்லும். ஜெர்சிக்கு வாசனைத் திரவம் எனப்படும் துணி மென்மையாக்கியை விடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் அந்த இழைகளின்மேல் அது மெழுகுப் படலம்போலப் படிந்துவிடும், பிறகு ஜெர்சி உடம்பில் ஒட்டும், நாற்றமும் போகாது. பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். சொட்டு நீலத்தை நேராகத் துணியில் விடும் பழக்கம் உள்ளவர்கள், வெள்ளை டி-ஷர்ட்டில் நீலப் பொட்டு விழுந்த பிறகு வருந்திப் பயனில்லை. நீலத்தை முதலில் வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் துணி உள்ளே போக வேண்டும்.

சாம்பார் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அதுதான் அதிகம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாகும். பயந்துபோய்த் தேய்க்கத் தொடங்குவார்கள், அச்சும் சேர்ந்து போய்விடும். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவப்பது அதன் இயல்பு. அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளைப் போக்குவது வெயில்தான். ஆனால் முழுத் துணியையும் வெயிலில் போட்டால் ஜெர்சியின் நிறமும் வெளுக்கும். நான் கறை உள்ள இடத்தை மட்டும் வெளியே விட்டு, மற்ற பகுதியைத் தடித்த துண்டால் மூடிக் காலை வெயிலில் வைக்கிறேன். ஒருநாளில் போகாவிட்டால் மறுநாளும். கறை படத்தின் மேலேயே விழுந்திருந்தால் வெயில் வேண்டாம், லேசாகச் சோப்பு நுரையால் ஒற்றிவிட்டு விட்டுவிடுங்கள். கொஞ்சம் மஞ்சளோடு இருக்கும் படம், உரிந்த படத்தைவிட மேல்.

கையெழுத்துப் பெற்ற எதுவும் இந்த விதிகளுக்குள் வராது. அதைத் துவைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, மெருகேற்றக் கூடாது. கணவரிடம் கையெழுத்திட்ட மட்டை ஒன்று இருக்கிறது. வில்லோ மரத்துக்கு லின்சீட் எண்ணெய் தேய்ப்பது ஆடுபவர்களின் வழக்கம். கையெழுத்து உள்ள முகத்தில் எண்ணெய் பட்டால் மை பரவிக் கலங்கிவிடும். ஆகவே இந்த மட்டைக்கு எண்ணெய் கிடையாது. ஆயுத பூஜை வந்தால் எங்கள் மாமியாருக்கு மட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். அது சரிதான், ஆனால் குங்குமம் மரத்தில் இறங்கினால் எடுக்கவே முடியாது. நாங்கள் கண்ட வழி, கைப்பிடியின் ரப்பர் உறையில் பொட்டு வைப்பது. பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பூச்சரத்தையும் ஈரத்தோடு மட்டைமேல் சார்த்துவதில்லை, பக்கத்தில் தட்டில் வைத்துவிடுகிறோம். மாமியாருக்கும் திருப்தி, மட்டைக்கும் பழுதில்லை.

கையெழுத்தை அழிப்பது வெளிச்சம்தான். அதுவும் சாயத்தால் செய்த பால்பாயிண்ட், ஸ்கெட்ச் பேனா மைகள் சீக்கிரம் வெளுக்கும். நிறமியால் ஆன மை நெடுநாள் நிற்கும். கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் அதற்கேற்ற கறுப்புப் பேனாவை எடுத்துப் போங்கள். வெளிச்சத்தால் வரும் சேதம் கூடிக்கொண்டே போவது, திரும்பி வராதது. அருங்காட்சியகங்களில் காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியை மட்டுமே அனுமதிப்பது அதனால்தான். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வீட்டில் மிக அழகான இடமாக இருக்கலாம், கையெழுத்துக்கு அது வேண்டாம். ஃபிரேம் போடுகிறவரிடம் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: ஜெர்சியைப் பசையால் ஒட்டாமல் பருத்தி நூலால் நாலைந்து இடத்தில் தைத்து நிறுத்துவது, துணி கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடுவது.

தோல் பொருள்களுக்கு இந்தப் பகுதியில் ஆலோசகருக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழில்தான். பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு பாயிடம், கையெழுத்திட்ட கிரிக்கெட் பந்தையும் பழைய கீப்பர் கையுறையையும் காட்டினேன். இரண்டும் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி இருந்தன. “முதலில் இதை அவிழ்த்துவிடு அம்மா, தோல் மூச்சு விட வேண்டும்” என்றார். கையுறையின் மடிப்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை உப்பு என்று நினைத்திருந்தோம். அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுப் பூஞ்சை என்றார். வீட்டுக்குள் தட்டினால் மற்றப் பொருள்களிலும் பரவும் என்று வாசலுக்கு எடுத்துப்போய், உலர்ந்த மென்பிரஷால் ஒரே திசையில் தள்ளி, காற்றோட்டமான நிழலில் வைக்கச் சொன்னார். தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்று கையை ஆட்டினார். அது சிக்குப் பிடித்து, பூஞ்சைக்கே தீனியாகும். இப்போது கையுறை பருத்திப் பையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பார்க்கிறேன். பந்துக்கு எதுவும் செய்வதில்லை. சும்மா இருக்க விடுவதுதான் அதற்குப் பராமரிப்பு.

இனி மாமனாரின் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும் அதிக வேலை வைத்ததும் அதுதான்.

வேலூரில் சிவாஜி ரசிகராக இருப்பதற்குத் தனிப் பெருமை உண்டு. 1952 தீபாவளிக்கு வெளிவந்த சிவாஜியின் முதல் படத்தைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். புதுமுகம் வேண்டாம் என்று பலர் சொன்னபோதும் அவர் கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று நின்றார். அந்த நன்றிக்காகப் பொங்கல்தோறும் வேலூர் வந்து அவருக்குச் சீர் வைத்து வணங்கிவிட்டுப் போவது சிவாஜியின் வழக்கம். அந்த நாளில் தெருவில் காத்து நின்ற கூட்டத்தில் மாமனாரும் ஒருவர். அவருடைய பெட்டியில் பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் நோட்டீஸ்கள், மன்ற அட்டை, இசைத்தட்டுகள், கூட்டத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

பாட்டுப் புத்தகத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். தியேட்டர் வாசலில் விற்பார்கள். கதைச் சுருக்கம் பாதி சொல்லி, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நிறுத்திவிட்டு, பாடல்களை முழுவதும் போட்டிருப்பார்கள். மலிவான செய்தித்தாள் காகிதம். மரக்கூழில் இருக்கும் லிக்னினை நீக்காமல் செய்யும் காகிதம் அது. வெளிச்சமும் காற்றும் படப்பட மஞ்சளாகும், உள்ளேயே அமிலம் ஊறி மடிப்பில் ஒடியும். இதற்கு மருந்து கிடையாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும்.

நான் முதலில் கைவைத்தது ஸ்டேப்ளர் பின்னில். ஒவ்வொரு புத்தகத்தின் நடுவிலும் இரண்டு பின்கள், துருப்பிடித்து, சுற்றிலும் செங்காவி நிறத்தில் காகிதத்தைத் தின்றிருந்தன. அந்த இடத்தில் காகிதம் பொரிந்த அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே பின்னைப் பிடித்து இழுக்கவே கூடாது. புத்தகத்தை நடுப்பக்கம் மேலே தெரியும்படி மேஜைமேல் விரிக்க வேண்டும். பின்னின் கால்களுக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு தடித்த பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு, மெல்லிய மழுங்கல் கத்தியின் நுனியால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். துரு பிடித்த கால் சில சமயம் ஒடிந்தே வந்துவிடும், அதுவும் நல்லதுதான். பிறகு புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கம் சிறிய இடுக்கியால் நேராக மேலே தூக்கினால் பின் சத்தமில்லாமல் வந்துவிடும். அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலை விட்டு, இறுக்காமல் உள்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார், “அச்சகத்தில்கூட இவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்க மாட்டார்கள் அம்மா” என்றார்.

பின்னுக்கு அடுத்த எதிரிகள் செல்லோடேப்பும் ரப்பர் பேண்டும். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், மேலே உள்ள படலம் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். ரப்பர் பேண்ட் வேலூர் வெயிலில் இளகி ஒட்டிக்கொண்டு, பிறகு காய்ந்து கல்லாகும். கட்ட வேண்டுமென்றால் அகலமான பருத்தி நாடா போதும். லேமினேஷன் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் தடுத்து நிறுத்துங்கள். சூட்டில் பசையோடு அழுத்தப்பட்ட காகிதத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை, உள்ளே இருக்கும் அமிலமும் அங்கேயே இருந்து தன் வேலையைச் செய்யும். மாமனாரின் நண்பர் ஒருவர் தம் மன்ற அட்டைகளையெல்லாம் லேமினேஷன் செய்து, இன்று அவை உள்ளுக்குள்ளேயே பழுத்துக்கொண்டிருக்கின்றன. அமிலமற்ற காகித உறை கிடைத்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் பாலிபுரோப்பிலீன் உறை, ஒரு பக்கம் திறந்தபடி. புதிய பிளாஸ்டிக் நெடி வீசும் பி.வி.சி. உறை வேண்டாம், அதன் இளக்கி கசிந்து அச்சு மையை உறையோடு ஒட்டவைத்துவிடும்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஃபிரேமில் இருந்தது. கண்ணாடியோடு நேராக அழுத்திப் போட்டதால், ஓரமாக ஒரு பகுதி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின், ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. கண்ணாடியோடு சேர்த்து, பகல் வெளிச்சத்தில் கேமரா பளபளப்பு விழாத கோணத்தில் படமெடுத்து ஒரு பிரதி போட்டோம். கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் பிரதி. மாலையும் ஊதுபத்திப் புகையும் அதற்குத்தான். அசல் இருட்டில் இருக்கிறது. எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்: பார்ப்பதற்குப் பிரதி, காப்பதற்கு அசல்.

பூச்சிக்கு நம் ஊர் வழக்கம் பாச்சை உருண்டை. பருத்தித் துணிக்கு அதைப் போடுகிறவர்கள் போடட்டும். பிளாஸ்டிக் பொருள்கள் இருக்கும் பெட்டியில் போடாதீர்கள், நாப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. காகிதத்தைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் மாவுப் பசையும் வேண்டும். ஈரத்தைக் குறைத்தாலே பாதி ஒழியும். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் போடுகிறேன். ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் வைத்த வசம்பை மெல்லிய துணியில் முடிந்து, காகிதத்தைத் தொடாமல் பெட்டியின் மூலையில் வைத்திருக்கிறேன். எதைப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கொரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

இசைத்தட்டுகளில் இரண்டு இனம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கனத்த தட்டுகள் அரக்கால் ஆனவை, கீழே விழுந்தால் உடையும். 45, 33 சுற்றுத் தட்டுகள் வினைல். கையில் கிடைத்த ஸ்பிரிட்டை எடுத்து அரக்குத் தட்டைத் துடைத்தால் அரக்கே கரைந்து பள்ளங்கள் அழிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் தொட்ட மென்துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைப்பது போதும். அடுக்கும்போது படுக்கப் போடாமல், புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்துங்கள். சூட்டில் வினைல் வளையும். ஒரு கதை வசனத் தட்டு பரணில் கிடந்து அலை அலையாகிவிட்டது, ஊசி அதன்மேல் நிற்பதில்லை.

மகளின் பொருள்கள் எளிது என்று நினைத்தேன், அவற்றுக்கும் தனி இலக்கணம் இருக்கிறது. 2013-இல் அறிமுகமான பி.டி.எஸ். குழுதான் அவளுக்கு எல்லாம். ஆல்பத்தோடு வரும் உள்ளங்கையளவு படஅட்டைகளைப் பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டுப் பைலில் வைத்திருக்கிறாள். நிகழ்ச்சியில் கையில் பிடித்து ஆட்டும் லைட் ஸ்டிக்கில் டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி மூன்று இருக்கும். ஆட்டி முடித்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் கசிந்து உள்ளே உள்ள தகட்டை அரித்துவிடும். அக்ரிலிக் பொம்மைத் தட்டிகளைச் சானிடைசரால் துடைப்பது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும்தான் அதற்குச் சரி.

ஜப்பானியக் கார்ட்டூன் பொம்மைகளும் சில வைத்திருக்கிறாள். மே மாதத்தில் ஒன்று முன்பக்கம் சாயத் தொடங்கியது, இன்னொன்று தொட்டால் விரல் ஒட்டியது. பி.வி.சி. சூட்டில் இளகுவதால் வருவது முதலாவது. உள்ளிருக்கும் இளக்கி வெளியே கசிவதால் வருவது இரண்டாவது. காற்றுப் புகாத பெட்டியில் பூட்டிவைத்தால் அந்தக் கசிவு பொம்மைமேலேயே தங்கும். ஆகவே பெட்டியை அவ்வப்போது திறந்துவிடச் சொன்னேன். ஒட்டிய பொம்மையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்து மென்பிரஷால் கழுவி, நிழலில் உலர்த்தினோம். நன்றாக இருக்கிறது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது, உறவினர் வீட்டில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அப்போது கற்றதையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்த முடியாது. அப்படி முடியாதவற்றைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பட்டர் பேப்பர் வைத்துப் பிரித்து, பாலிதீன் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை நின்றுவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களை உலரவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டால் பல தாமே பிரியும். படம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். மொட்டைமாடி வெயிலில் போட்டவை அப்பளமாகச் சுருண்டன.

வெள்ளத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது போகிப் பண்டிகையை. பழைய காகிதம் என்றாலே தீயில் போடலாம் என்று வீட்டில் யாருக்காவது தோன்றிவிடும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தால் கை தயங்கும். மார்கழி பிறந்ததும் நான் அந்தச் சீட்டுகளைச் சரிபார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் கதை தெரிய வேண்டும். படத்தின் பின்புறம், புத்தகத்தின் உள்ளட்டை ஓரம், மென்மையான பென்சிலால் மட்டும், அழுத்தாமல்: எந்த ஆண்டு, எந்தத் தியேட்டர், யார் கொடுத்தது. பால்பாயிண்ட் மறுபக்கம் தெரியும், மை பரவும். மாமனாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மாலையில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பொங்கல் கூட்டத்தில் யார் தோளில் ஏறி நின்று சிவாஜியைப் பார்த்தார் என்பதுவரை ஒரு நோட்டில் இருக்கிறது.

பாட்டுப் புத்தகங்களில் சிலவற்றுக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. 1994-இல் தொடங்கி, இப்போது சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் அச்சுப் பொருள்களைத் திரட்டிக் காக்கும் இடம். சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. இரண்டாம் பிரதிகளை அவர்களுக்குத் தேவையா என்று கேட்டு எழுதலாம் என்று மாமனாரிடம் சொன்னேன். “நல்ல பிரதியை அவர்களுக்குக் கொடு, கிழிந்தது எனக்குப் போதும்” என்றார். இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.